அண்ணி சொன்னால் திட்டம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவளுக்கு பிரேக் மேடம் என்று பெயர். கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமல்லவா, அதை அவள் மிதிக்கிற வேகத்தைப் பார்த்து யாரோ ஒரு மாணவி வைத்த பெயர் அது. கல்யாணமான மறு வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள், காதோரம் நரைத்த பிறகும் அங்கேதான் இருந்தாள். "ரோட்டைப் பாருங்க, கனவெல்லாம் வீட்டுக்குப் போய்க் காணலாம்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லிவிடுவாள்.

அவளுக்கும் ஒரு கனவு இருந்தது. அது பெரும்பாலும் சிக்னலில் நிற்கும்போதுதான் வரும். பெண்களுக்கென்றே ஒரு பள்ளி. அவள் வேலை பார்த்த பள்ளியில் ஆசை ஆசையாகச் சேர்கிற பெண்களில் பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிடுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்ற வாத்தியார்கள் போடுகிற கூச்சல் அப்படி. "உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா கார்?" என்று ஒருவர் கேட்டதில், ஒரு நர்ஸ் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதுகொண்டே இறங்கிப் போனாள். தன் பள்ளியில் யாரும் கத்தக் கூடாது. பயம் தெளிகிறவரை காலி மைதானத்தில் ஓட்டலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மூச்சு விடுகிற நேரத்தில் வகுப்பு. வீட்டு வாசலுக்கே வண்டி போகும்.

முதலாளியிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பெண்களுக்குத் தனி வகுப்பாவது வையுங்கள் என்றாள். அவர் டீயை உறிஞ்சியபடியே, "நீங்க கனவுலகத்துல இருக்கீங்க மேடம். பொம்பளைங்களை மட்டும் நம்பி எவனாவது கடை போடுவானா?" என்றார்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு சாயங்காலம் அவன் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் துண்டோடு நின்று எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமும் சொல்லாத பெயரையும் சொன்னாள். "முதல் கியர்னு பேரு வைக்கலாம்ங்க. எப்படி இருக்கு?"

"பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா பகல் கனவு" என்றான் அவன், துண்டை வாங்கிக்கொண்டு. அதன்பிறகு வீட்டில் அவளுக்கு ஓனரம்மா என்று பெயராயிற்று. "ஓனரம்மா, சோறு ரெடியா?" என்பான். அவளும் சிரித்து வைப்பாள்.

அவனுடைய அக்கா, அவளுக்கு அண்ணி, பர்னிச்சர் கடை வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றியபோது அவன் சிரிப்பு மூட்டுவதற்காக, "அக்கா, உனக்கு விஷயம் தெரியுமா? இவ சொந்தமா ஸ்கூல் வைக்கப் போறா. கனவுல பாதி கட்டி முடிச்சாச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அவன் கிடக்கறான், நீ சொல்லும்மா" என்றாள்.

அவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் மடை திறந்ததுபோலக் கொட்டிவிட்டாள். எந்த நேரத்தில் வகுப்பு வைத்தால் கூட்டம் வரும், மைதானத்தில் எத்தனை வாரம் ஓட்டவிட வேண்டும், எந்த மாதிரி வண்டி வாங்கினால் கிளட்ச் சீக்கிரம் தேயாது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணி நடுநடுவே கேள்வி கேட்டாள். கை காயக் காயப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அண்ணி எவ்வளவு பொறுமையா கேட்டாங்க பாத்தீங்களா?" என்றாள். அவன் உம் கொட்டினான்.

பிறகு பல மாதம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவன் மட்டும் வேலை முடிந்து அக்கா கடைக்குப் போய்விட்டு நேரங்கழித்து வந்தான். கேட்டால், கடையில் ஏதோ மராமத்து என்றான்.

ஒரு நாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனான். கடைக்குப் பக்கத்தில் பழைய மரச்சாமான் கிடந்த காலி இடம் சுத்தமாகச் சமன் செய்யப்பட்டிருந்தது. இரண்டு புது கார்கள் நின்றன. ஓரமாக ஒரு சின்ன அலுவலகம், கண்ணாடிக் கதவு, உள்ளே கடையிலிருந்து கொண்டுவந்த சோபா. மேலே பலகையில் கொட்டை எழுத்தில் 'முதல் கியர்' என்றும், கீழே 'பெண்களுக்கு மட்டும்' என்றும் எழுதியிருந்தது.

"எப்படி இருக்கு? கனவு மாதிரி இல்ல?" என்று அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பேரு தம்பியோட யோசனை. அவனுக்கு இப்படியெல்லாம் தோணும்னு நான் கனவுலகூட நினைக்கல."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் குனிந்து ஒரு டயரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான். காற்று சரியாகத்தான் இருந்தது.

"நீதான் இங்க பெரிய டீச்சர். நாளைக்கே அங்க சொல்லிட்டு வந்துரு" என்றாள் அண்ணி. "அங்க தர்ற சம்பளத்தையே நானும் தந்துடறேன். குடும்பத்துக்குள்ள என்ன கூடக் குறைய?"

"கூட்டு யாரு அண்ணி?"

"நானும் தம்பியும்தான். ஏன், அவன் வேற நீ வேறயா?"

அவள் பலகையை இன்னொரு தடவை பார்த்தாள். தலைவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள். இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"நான் சொன்னப்போ பகல் கனவுன்னீங்களே?"

"அது அப்போ. அக்கா ஒரு திட்டத்தோட வந்தாங்க."

"என்ன திட்டம்? நான் சொன்னதுல ஒரு எழுத்தாவது மாறியிருக்கா? நான் சொன்னா கனவு, அண்ணி சொன்னா திட்டமா?"

"அவங்ககிட்ட இடம் இருக்கு, தைரியம் இருக்கு. எல்லாம் நம்ம குடும்பத்துக்குத்தானே? நீ ஏன் பிரிச்சுப் பேசற?"

"சரி, மத்ததெல்லாம் அவங்க வீட்டுல நானே உளறினது. அந்தப் பேரு? அதை உங்ககிட்ட மட்டும்தாங்க சொன்னேன்."

அவன் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே நின்றான். "நல்லா இருந்துச்சு. சொன்னேன்" என்றான் கடைசியில்.

திருடிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவள் அழுது தீர்த்திருப்பாள். ஒரு நல்ல பெயர் எங்கோ கீழே கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன் என்பதுபோல அவன் நின்றான். அவள் அந்தப் பள்ளிக்குப் போகவில்லை. அண்ணி போன் செய்தாள், நேரில் வந்தாள், பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். உறவுக்காரர்கள் மத்தியில் அவளுக்குப் பொறாமைக்காரி என்ற பெயர் பரவியது. புருஷன் முன்னுக்கு வருவது பொறுக்காதவள் என்றும் சொன்னார்கள். அவளிடமே ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணை அண்ணி வேலைக்கு வைத்துக்கொண்டாள். பள்ளி நன்றாகவே ஓடியது. அவள் சொன்ன நேரத்துக்கு, அவள் சொன்ன மாதிரியே பெண்கள் வந்தார்கள்.

"நடந்ததை ஒரு கெட்ட கனவா நினைச்சு மறந்துரேன்" என்று ஒரு நாள் கணவன் இறங்கிவந்து கேட்டான்.

"கெட்ட கனவுன்னா முழிச்சதும் போயிடும்ங்க" என்றாள். அதற்கு மேல் அவனும் வற்புறுத்தவில்லை.

இவள் வேலை பார்த்த பள்ளியில் பெண்கள் வரத்து குறைந்துகொண்டே போனது. முதலாளி ஒரு நாள் எல்லா வாத்தியார்களையும் உட்காரவைத்துக் கூட்டம் போட்டார். "இனிமே காலைல லேடீஸுக்குத் தனி பேட்ச். யாரும் சத்தம் போடக் கூடாது. முதல்ல கிரவுண்டுல ஓட்டட்டும், அப்புறம் ரோட்டுக்கு வரட்டும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, நெஞ்சில் கை வைத்து, "இது ரொம்ப நாளா என் கனவு" என்று முடித்தார்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அடக்க அடக்க வந்தது.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல சார். நல்ல கனவு."

அந்த வகுப்பையும் அவள் தலையில்தான் கட்டினார். சம்பளம் ஏறவில்லை. சீட் கிழிந்த பழைய கார்தான் கிடைத்தது. முதல் நாள் வந்த பெண் திரும்பத் திரும்ப இன்ஜினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்று அவளும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். போகும்போது அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். அவளுக்கு நாக்கு கசந்து கிடந்தது.

சில வாரம் கழித்து, அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கும்போது கணவன் கோபமாக உள்ளே வந்தான்.

"உங்க முதலாளி லேடீஸ் பேட்ச் ஆரம்பிச்சிருக்காராமே? கிரவுண்டு, காலை நேரம், எல்லாம் அப்படியே. அக்கா கொதிச்சுப் போயிருக்காங்க. ராப்பகலா யோசிச்சுக் கண்டுபிடிச்சதை ஒருத்தன் நோகாம எடுத்துக்கிட்டான்னு ஒரே புலம்பல். இதுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

அவள் அவனுடைய சட்டையை உதறி, காலரை நீவி, மடித்து வைத்தாள்.

"கிடையாதுதான் போல" என்றாள். "காலைத் தூக்குங்க, துண்டை மிதிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

அவன் காலைத் தூக்கினான். ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு போய் டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான்.