தொட்டிக்குள் வெலிச்கா

முழங்காலில் முட்டைக்கோஸ் இலையைக் கட்டிப் பார்த்தாள், ராக்கியா சாராயத்தைத் தேய்த்துப் பார்த்தாள்; வெலிச்காவின் வலி எதற்கும் மசியவில்லை. பழ ஆலையில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்த கால்கள், ஓய்வு பெற்றபின் பழிவாங்கின. பொறுக்கமுடியாமல் ஒரு ஜனவரி மதியம் குளியல் தொட்டியில் வெந்நீரை நிரப்பி, சுவரைப் பிடித்து உள்ளே இறங்கினாள்.

வலி விட்டது. நிஜமாகவே விட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தண்ணீர் ஆறியதும் எழப் பார்த்தாள். முட்டி இடம் கொடுக்கவில்லை. விளிம்பைப் பிடித்த கை வழுக்கியது. புரண்டு மண்டியிட முயன்றபோது உயிரே போய்வந்தது. குழாயைத் திருகினால் பச்சைத்தண்ணீர்தான் வந்தது. போன் சமையலறையில். மகள் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள், இன்று செவ்வாய்.

முதுகு தேய்க்கும் பிரஷ்ஷின் கட்டையால் சுவரோரக் குழாயைத் தட்டினாள். மேல்வீட்டுக்காரன் ஸ்தோயில் பதிலுக்கு ஓங்கித் தட்டினான். சத்தம் போடாதே என்று அவனை அதட்ட அவள் வழக்கமாகத் தட்டுகிற குழாய் அது. மறுபடி தட்டினாள். காற்றுத் துவாரம் வழியாக அவன் குரல் இறங்கியது.

"நான் நாற்காலியக்கூட இழுக்கலையே! மூச்சு விட்டாலும் தப்பா?"

குளிரில் பல் கிடுகிடுக்க, துவாரத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், போயிடாத. தொட்டியில மாட்டிக்கிட்டேன். எந்திரிக்க முடியல."

"உடம்புல துணிமணி இருக்கா?"

"குளிக்கும்போது கோட்டு போட்டுக்கிட்டா உக்காருவாங்க?"

பூட்டை உடைக்கிற சத்தம் கேட்டது. ஸ்தோயில் முகத்தைத் திருப்பியபடி வந்து கம்பளியை அவள்மேல் எறிந்தான். தொட்டித் தண்ணீரை வடியவிட்டான். தூக்கப் பார்த்து, தானே இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"எனக்கும் இடுப்பு போச்சும்மா. உன்னத் தூக்குனா ரெண்டு பேரும் இங்கயே கிடக்க வேண்டியதுதான்."

பிறகு சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து தொட்டிக்குள் வைத்தான். அதில் கையூன்றி, அவன் தோளைப் பற்றி, பல்லைக் கடித்து அவள் ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்து விளிம்பு. விளிம்பிலிருந்து தரை. வெளியே வந்தபோது இருட்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை ஊர் வெந்நீர்க் குளத்துக்குப் போறேன்," என்றான், உடைந்த பூட்டைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே. "பூமிக்குள்ளருந்து சூடாவே வர்ற தண்ணி. படி இருக்கு, கைப்பிடிக் கம்பி இருக்கு. வர்றியா?"

"ஊர் என்ன பேசும்?"

"நொண்டியும் நொண்டியும் போறாங்கன்னு பேசும்."

போனாள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் போகிறாள். ஆவி பறக்கும் தண்ணீரில் கழுத்தளவு நிற்கும்போது அவளுக்கு முழங்கால் இருப்பதே மறந்துபோகிறது. ஆனால் நேரம் முடிந்ததென்று குளத்துப் பணிப்பெண் மணி அடித்ததும், கம்பியைப் பற்றி முதல் படியில் கால் வைக்கிறபோதே வலி திரும்ப வந்து ஏறிக்கொள்கிறது. எல்லோரும் ஏறிப் போகும்வரை அவள் தண்ணீரிலேயே நிற்கிறாள்.