மூன்று மாடி இறக்கம்

காலிச் சவப்பெட்டி திரும்பவில்லை. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டு மடங்கும் இடத்தில் சுவருக்கும் கைப்பிடிக்கும் இடையில் மாட்டிக்கொண்டு, ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது. சவ வண்டியோடு வந்த இரண்டு பேரும் வியர்த்து வழிந்தார்கள்.

"நிமித்தினாத்தான்மா மேல வரும்," என்றார் மீசைக்காரர். "இறக்கறப்பவும் நிமித்தித்தான் ஆகணும். உள்ள ரெண்டு கயிறு போட்டுக் கட்டிட்டா ஆளு நழுவ மாட்டாரு."

"எங்கப்பா என்ன பீரோவா?" என்று கத்தினாள் சின்னவள்.

நாற்பத்து மூன்று வயதாகியும் அவள் வீட்டில் சின்னவள்தான். பக்கவாதம் வந்து விழுந்த அப்பாவுக்காகத் துணி ஆலை வேலையை விட்டுவிட்டு, நான்கு வருடமாக வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள். அப்பா நேற்று மத்தியானம் போய்விட்டார். மூன்று மணிக்கு ஆலயத்தில் ஆராதனை. இப்போதே ஒன்றரை ஆகிவிட்டது.

ஆலயத்திலிருந்து நான்கு பேர் காலையிலேயே வருவதாகப் போதகர் சொல்லியிருந்தார். போன் போட்டால், அவர்கள் அங்கேயே நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். "கலங்காதேம்மா, கர்த்தர் பாத்துப்பார்," என்றார் போதகர். அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் இன்னும் ரயிலில் இருந்தான். "ஆண்டவர் ஒரு வழி காட்டுவார்," என்றான் அவனும். ஆண்டவர் பார்த்துப்பார் என்று சொல்கிற ஒருவராவது வந்து பார்த்ததுண்டா? அவளுக்குப் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

அப்பாவும் அந்த ரகம்தான். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் "ஸ்தோத்திரம் ஆண்டவரே." விரிப்பு மாற்றினால் "ஸ்தோத்திரம் ஆண்டவரே." நடுவில் ஒருத்தி இடுப்பொடிய நிற்பது அவர் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. பாடுபடுவது ஒருத்தி, பேர் வாங்குவது இன்னொருவர். நேற்றுக் காலை ஓட்ஸ் கஞ்சியின் கடைசிக் கரண்டிக்கும் அவர் அதையே சொன்னபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கஞ்சி காச்சினது நான்ப்பா. ஆண்டவர் இல்ல."

அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. அதுதான் அவளோடு அவர் கடைசியாகச் சிரித்தது. அதை நினைக்கும்போதெல்லாம் அப்படிச் சொன்னதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள். கூடவே ஆத்திரமும் வந்தது. ஒரே ஒரு தடவை, 'நன்றிம்மா' என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

"நேரமாகுதும்மா. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க," என்றார் மீசைக்காரர்.

"கீழ இருக்கற மெக்கானிக்கைக் கூப்பிடேண்டி," என்று வாசலில் உட்கார்ந்திருந்த அத்தை சொன்னாள். "நாலு வருஷமா அவன்தானே தூக்கிட்டுப் போனான்."

ஞாயிறுதோறும் அப்பாவை முதுகில் உப்பு மூட்டையாகச் சுமந்து, மூன்று மாடி இறக்கி ஆட்டோவில் உட்கார வைத்து, ஆராதனை முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். ஆலயத்துக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைக்காதவர். போன ஞாயிறு அப்பாவின் முழங்கை சுவரில் உரசிவிட்டது. "மூட்டை தூக்கற மாதிரியா தூக்குவீங்க? இனிமே நீங்க வர வேணாம், நாங்க பாத்துக்கறோம்," என்று எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தாள். நாங்கள் என்றால் யார்? அவளைத் தவிர அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கீழே எட்டிப் பார்த்தாள். பட்டறையை மூடிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சவ வண்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றிருந்தார் மெக்கானிக். வர வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குள் வராமல், போகவும் மனமில்லாமல் காலையிலிருந்து அங்கேயே நிற்கிறார்.

மாட்டிக்கொண்ட பெட்டியை அவர்கள் பின்னுக்கு இழுத்துக் கீழே கொண்டுபோக, அவள் பின்னாலேயே இறங்கிப் போனாள். வழியில் யோசித்து வைத்த மன்னிப்பைக் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, அப்பாவை இறக்கணும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

கட்டிலைச் சுற்றி வந்து, கனம் பார்ப்பது போல ஒரு நிமிஷம் நின்றார். "விறைச்சுட்டாரு. முதுகுல முடியாது. விரிப்போட தூக்கிரலாம். தலைப்பக்கம் நான். கால் பக்கம் யாராவது வேணும்."

"நான் பிடிக்கறேன்."

"கனமா இருக்கும்மா."

"நாலு வருஷமா புரட்டிப் போட்டவளுக்கு இது ஒரு கனமா?"

கால் முன்னே, தலை பின்னே. சின்னவள் அப்பாவின் கால்களை ஏந்தியபடி பின்பக்கமாகவே இறங்கினாள். "இன்னும் ஒரு படி... இப்பத் திரும்புங்க... சுவரு, சுவரு," என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பாவின் முழங்கைக்கும் சுவருக்கும் நடுவில் தன் கை முட்டியை வைத்துக்கொண்டிருந்தார். அது சிராய்த்து ரத்தம் கசிந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

இரண்டாம் மாடியில் விரிப்பு இழுபட்டது. மெக்கானிக் நின்றுவிட்டார்.

"என்னாச்சு? முடியலையா?"

"இல்லம்மா. இங்க எப்பவும் நிப்போம். எனக்கு மூச்சு வாங்கும். அதுக்குள்ள ஐயா ஒரு ஜெபம் பண்ணிருவாரு. முடிச்சுட்டு 'போலாம்'பாரு. அப்புறந்தான் இறங்குவோம்."

"என்ன ஜெபம்?"

"என் காதுலயே சொல்றவரு, கேக்காம இருக்குமா? நாலு வருஷமா ஒரே ஜெபந்தான். 'முதுகு கொடுத்தீரே, ஸ்தோத்திரம். கை கொடுத்தீரே, ஸ்தோத்திரம்.' அவ்வளவுதான். முதுகு நான்னு தெரிஞ்சுது. கை யாருன்னு நான் கேட்டுக்கல."

கீழேயிருந்து மீசைக்காரர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். மெக்கானிக் அசையவில்லை. பழக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார்.

அப்பாவின் பாதங்களைப் பிடித்திருந்த தன் கைகளைச் சின்னவள் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள். நகத்தோரம் நேற்றைய நீல நூலின் சாயம் இன்னும் போகவில்லை. நிமிர்ந்து எதிரே இருந்த மனிதரைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை தோள் வரை நனைந்திருந்தது.

"முதுகு கொடுத்தீரே..." என்று ஆரம்பித்தாள். 'கை' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

சின்னவள் விரிப்பின் முனையை இன்னும் ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"போலாம்ணே," என்றாள்.