மணலில் பழகிய கால்

1

இந்தக் கதை எனக்குச் சர்க்கரையால் கிடைத்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். வீட்டருகே நடக்க இருப்பது ஒரு விளையாட்டு மைதானம்தான். அதன் மூலையில் ஒரு மணல் குழி. அதில் ஒரு நெட்டைப் பெண் குதித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கை வைத்தபடி இன்னொருத்தி அவளை அதட்டிக்கொண்டிருந்தாள். நான் நடப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன். சர்க்கரை குறையவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காற்றில் மிதக்கும் கனவைப் போல அவள்..."

(அடச்சீ. அவளாவது மிதப்பதாவது! தொப்பென்று விழுவாள், வாயில் போன மணலைத் துப்புவாள். அதையே எழுதுகிறேன்.)

2

அதட்டியவள் கூடைப்பந்துப் பயிற்சியாளர். குதித்தவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. அணியில் எல்லாருக்கும் அவள் 'நெட்டை', அக்காவுக்கும் அப்படியே. முன்பு ஒரு ஆட்டத்தில் நெட்டைக்கு முட்டியில் லிகமென்ட் என்கிற இணைப்புநார் கிழிந்து ஆபரேஷன் ஆனது. அப்போது ஆஸ்பத்திரியில் தங்கை அழவில்லை. அக்காதான் ஊரைக் கூட்டினாள். இப்போது பெரிய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நெட்டைக்கு வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. இதை விட்டால் வேறு வழியில்லை.

தரையைத் தொட்டதும் எகிறிப் பழகுவதைப் பிளையோமெட்ரிக் பயிற்சி என்கிறார்கள். அக்காவின் முறை எளிது: முதலில் மணல், பிறகு ரப்பர் மேட், கடைசியில் கோர்ட்டின் மரத்தளம். மணல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், முட்டிக்கு இதம். ஆனால் கால் புதைவதால் எழும்பத் தாமதமாகும். மரத்தளமோ வாங்கியதைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடும். மற்ற பெண்கள் எல்லாரும் மணலைத் தாண்டி மரத்தளத்துக்குப் போய்விட்டார்கள். நெட்டை மட்டும் குழியிலேயே கிடந்தாள். கேட்டால், "அடுத்த வாரம் பாக்கலாம்டி" என்பாள் அக்கா. அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

(இந்த இடத்தில் அக்காவை நானே நம்பவில்லை. விஷயம் தெரிந்தவள் இப்படிச் செய்வாளா? என் மகளிடம் வாசித்துக் காட்டினேன். "மத்தவங்க பொண்ணுன்னா செய்யமாட்டா. சொந்தத் தங்கச்சின்னா கண்டிப்பா செய்வா" என்றாள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

3

அணித் தேர்வுக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் குட்டு உடைந்தது. பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும்போது நெட்டை எகிறினாள். நல்ல உயரம்தான். ஆனால் பந்து கைக்கு எட்டுவதற்குள் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிவிட்டாள். பந்து வேறொருத்தி கைக்குப் போனது. அடுத்த முறையும் அதே கதை.

"என்னடி, பஸ் வர்றதுக்கு முன்னாடியே ஏறப் பாக்கறே?" என்றாள் அக்கா.

நெட்டை சிரிக்கவில்லை. "மணல்ல முன்கூட்டியே கிளம்பினாத்தான் நேரத்துக்கு மேல போக முடியும். காலு அதையே பழகிடுச்சு. என்னை ஏன்க்கா மரத்துல விடல?"

"இல்லடி, முட்டி..."

"டாக்டரே குதிக்கலாம்னுட்டாரு. நீதான் பயந்து சாகறே. முட்டி எனக்கா உனக்கா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக் காலையே கெடுத்து வைத்திருக்கிறோமே என்று அவமானமாக இருந்தது. "நான்தான்டி கெடுத்துட்டேன்" என்றாள். "ஷூவை மாட்டு, வா."

("இருவர் கண்களிலும் கண்ணீர்..." என்று எழுதப்போனேன். தேர்வு தலைக்கு மேல் நிற்கிறது, அழ நேரமேது?)

அன்றே மரத்தளத்தில் இறக்கினாள். முதலில் சின்னச் சின்னக் குதிப்புகள். "தொப்புன்னு கேக்குது, காலு தரையில தங்குது. டக்குன்னு கேக்கணும்." பிறகு பந்தை வளையத்தில் எறிந்து, "இரு... இரு... இப்போ!" என்று கத்தினாள். நெட்டைக்கு அந்த 'இரு'தான் பிடிபடவில்லை. பாதி முறை அக்காவின் குரலுக்கு முன்பே கிளம்பிவிட்டாள்.

4

முதல் முடிவு: நெட்டை பந்தைப் பிடிக்கிறாள், கைதட்டல், அக்கா ஓடி வந்து... (இதற்கு டிக்கெட் வாங்கி சினிமாவுக்கே போகலாம்.)

இரண்டாவது முடிவு: முட்டி மறுபடியும்... (எழுதினேன். கிழித்துப்போட்டேன்.)

மூன்றாவது இது. தேர்வு நாள். ஓரத்திலிருந்து யாரும் குரல் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது. மற்றவர்கள் எகிறிவிட்டார்கள். நெட்டை எகிறவில்லை. யாரும் சொல்லாமலே இருக்கிறாள்... இருக்கிறாள்...

டக்.

எல்லாரும் அண்ணாந்து பந்தைப் பார்க்கிறார்கள். அக்கா மட்டும் முட்டியைப் பார்க்கிறாள்.

இங்கே பேனாவை மூடிவிட்டேன். கதையை எத்தனையோ முறை திருத்திவிட்டேன், அந்தரத்தில் நிற்கும் நெட்டையைக் கீழே இறக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பிறகுதான் உறைத்தது. அக்காவைக் குறை சொன்ன நானும் நெட்டையைக் குழியிலேயே வைத்திருக்கிறேன்.

கீழே இருப்பது மரத்தளம். நான் பயந்தாங்கொள்ளி, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் அவளை இறக்குங்கள்.