யாரைக் கேட்டுப் போட்ட டிக்?

"நம்மகிட்ட ஒளிவுமறைவே கிடையாது. அதுதானே நம்ம பெருமை?" என்றான் கமில், பூண்டு சூப்பில் ரொட்டியை முக்கியபடி.

விளாஸ்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பர்னோ நகரில் இருந்துகொண்டு அவர்கள் இருவரும் பராமரிக்கும் இலவச எழுத்துச் செயலியில் போன வாரம் அவன் ஒரு வேலை பார்த்திருந்தான். செயலி பாதியில் நின்றுபோனால், என்ன நடந்தது என்ற அறிக்கை தானாகவே அவர்களுடைய பொதுப் பக்கத்தில் ஏறிவிடும். 'அனுப்பலாமா?' என்ற பெட்டியில் டிக்கையும் அவனே போட்டு வைத்துவிட்டான். அவன் காட்டிய மாற்றத்தைச் சரியாக வாசிக்காமல் அவளும் தலையாட்டிவிட்டாள். 'யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?' என்று காலையிலிருந்து பயனர்கள் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பிடிக்காதவங்க டிக்கை எடுத்துட்டுப் போகட்டும். இதுல என்ன குடியா முழுகிடும்?"

"உன் வீட்டுக் கதவைத் திறந்து போடு, யாரும் கேக்கமாட்டாங்க. அடுத்தவங்க வீட்டுக் கதவை நீ எப்படித் திறப்ப?"

"பெரிய ரகசியம் ஒண்ணும் வராது, விளாஸ்தா. ஃபைல் எந்த இடத்துல இருக்குன்னு மட்டும்தான் வரும். நீயே பாரேன்."

பார்த்தாள். மேலிருந்து நான்காவது அறிக்கையில் அவள் கண் நின்றது. கோப்புறையின் பெயர்: இவோனா டுஷ்கோவா. கோப்பின் பெயர்: ஓஸ்ட்ராவா, பொருபா பள்ளி, மகள் சேர்க்கை.

இவோனா விளாஸ்தாவின் தோழி. கணவன் லுபோரின் அடி தாங்காமல் வசந்தத்தில் மகளோடு ஓடிப்போனவள். 'தெரிஞ்சா உளறிடுவ' என்று போன இடத்தை இவளிடம்கூடச் சொல்லவில்லை. அந்த லுபோர் இதே செயலியில் பிழை திருத்தித் தரும் தன்னார்வலன். ஒரு பிழையைச் சரிசெய்ய முன்வருபவர் அதன் கீழே பெயரெழுதிப் போவது அவர்கள் வழக்கம். அந்த அறிக்கையின் கீழே காலையிலேயே ஒரு வரி விழுந்திருந்தது: 'இதை நானே நேரில் பார்த்துக்கொள்கிறேன். லுபோர்.'

கமிலின் முகம் வெளுத்தது. "இப்பவே அழிச்சிடறேன்."

"படிச்சவன் மண்டையிலிருந்து எப்படிடா அழிப்ப?"

அவள் இவோனாவை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். லுபோர் இருப்பதும் பர்னோவில்தான்; காலையிலேயே காரில் கிளம்பியிருந்தால் இந்நேரம் ஓஸ்ட்ராவா போய்ச் சேர்ந்திருப்பான்.

மூன்றாம் முறை இவோனா எடுத்தாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"ஸ்கூல்ல இருக்கேன். அவன் வாசல்ல நிக்கிறான். நல்லவேளை, டீச்சர் பிள்ளையை அனுப்பலை. போலீஸ் வந்துட்டு இருக்கு. இன்னிக்குத் தப்பிச்சோம், நாளைக்கு எங்கடி போவேன்?"

"இவோனா..."

"இந்த இடத்தை அவனுக்கு யார் சொன்னது? உனக்கே நான் சொல்லலையே."

எதிரில் கமில் கையை ஆட்டினான். "தெரியாதுன்னு சொல்லிடு" என்று உதட்டை அசைத்தான். அவனைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தன்னை நினைத்து அதைவிட அதிகமாக.

"நாங்கதான் சொன்னோம், இவோனா. உன்னை ஒரு வார்த்தை கேக்காம."

இவோனா போனை வைத்துவிட்டாள்.