நாடகத்தில் கட்டிய தாலி

நாடகத்துக்காக நந்தினியின் கழுத்தில் கட்டிய தாலி, நாடகம் முடிந்த பிறகு கழலவில்லை. ஒத்திகையில் தினமும் கட்டிக் கழற்றிய அதே மஞ்சள் கயிறு, அதே மஞ்சள் கிழங்கு. அன்றைக்கு மட்டும் முடிச்சு இறுகிப்போனது.

பழியை அரிசி மேல்தான் போடவேண்டும். படிக்கிற பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கும் வழக்கத்துக்கு எதிராக ஜெசிந்தா டீச்சர் எழுதிய நாடகம் அது. பதினோராம் வகுப்பு நந்தினி மணப்பெண், கூடப் படிக்கும் கார்த்திக் மாப்பிள்ளை. பார்க்க வந்த சனத்துக்கு டீச்சரே ஆளுக்கொரு பிடி அட்சதை கொடுத்து, தாலி கட்டும்போது யாரும் போடக்கூடாது, கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும், அதுதான் நம் எதிர்ப்பு என்று சொல்லிவைத்தாள். பாவம், அவள் வெளியூர்க்காரி. கையில் அட்சதை, கண்ணெதிரே தாலி, ஸ்பீக்கரில் கெட்டிமேளம் வேறு. பழவேற்காடு ஏரிக்கரையில் எந்தக் கை சும்மா இருக்கும்? மைதானமே எழுந்து நின்று மனசார வாழ்த்திப் போட்டது. நந்தினியின் அம்மா கோவிந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டாள். அடுத்த காட்சியில் தாலியைக் கழற்றிவிட்டுப் புத்தகப்பையை எடுக்கவேண்டிய நந்தினி, கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்து, "எனக்குக் கல்யாணம் வேணாம், நான் படிக்கணும்" என்று அலறினாள். வசனமும் அதுவேதான். "இன்னா ஜோரா நடிக்குது பாரேன்!" என்று சனம் கைதட்டிவிட்டுக் கேசரி வாங்கப் போனது.

வீட்டில் அவள் அப்பா நீலமேகம் வலை அறுக்கிற கத்தியால் கயிற்றை அறுத்தான். அறுந்தது. அறுந்த இரண்டு நுனியும் ஒன்றையொன்று தேடிப் பிடித்து மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டன. பிளேடு, கத்தரிக்கோல், நெருப்பு எல்லாம் பார்த்தாயிற்று. "நைனா, நான் நர்சுக்குப் படிக்கணும் நைனா" என்று அவள் அழுதாள். "நான் இன்னாமா பண்றது, கவுறு கேக்கலியே" என்று அவனும் உட்கார்ந்து அழுதான்.

இதற்குள் கார்த்திக்கின் அப்பா சிங்காரம் ஊர்க்கூட்டத்துக்குப் போய்விட்டான். ஏரியில் யார் எந்த நாளில் வலை போடுவது என்கிற முறைக்கு அங்கே பாடு என்று பேர். தாலி கட்டிய ஆம்பளைக்குத்தான் அந்தப் பாட்டில் இடம். மகன் தாலி கட்டியதை ஊரே பார்த்தது, அது கழலவும் இல்லை, பிறகென்ன கேள்வி? கார்த்திக்கின் பேர் பாட்டில் ஏறியது. பாடு வந்தவன் வலைக்குப் போகாமல் இருந்தால் முறை கெட்டுவிடும், ஆகவே அந்தப் பையனும் பள்ளிக்கூடத்தை விட்டான். ஜெசிந்தா டீச்சர் தகவல் சொல்லி அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். கல்யாணமா நடந்தது என்று விசாரித்தார்கள். "அய்யய்ய, நாடகம் சார்" என்றது மொத்தக் குப்பமும். டீச்சர் செல்போனில் எடுத்த வீடியோவிலும் நாடகம்தான் இருந்தது. ஜீப் திரும்பிப் போனது. சட்டத்துக்கு அது நாடகம், பாடு முறைக்கு அது கல்யாணம். நடுவில் மாட்டிக்கொண்ட நந்தினி, சிங்காரத்தின் வீட்டில் அவன் மனைவி ருக்குவோடு உட்கார்ந்து இறால் உரித்தாள். படிக்கணும் என்று அவள் எப்போது வாயைத் திறந்தாலும், அந்த வசனத்தை இன்னும் மறக்கவில்லையே என்று ருக்கு மெச்சிக்கொண்டாள். அழுது அழுது நந்தினிக்கும் அலுத்துப்போனது.

மறுவருஷம் ஜெசிந்தா மாற்றலாகிப் போய்விட்டாள். விழிப்புணர்வு நாடகம் மட்டும் நிற்கவில்லை. புதிதாக வந்த டீச்சர் நடந்ததைக் கேட்டுச் சிரித்தாள், ஆனாலும் எதற்கு வம்பு என்று அட்சதை கொடுக்கவில்லை. பெண்கள் வீட்டிலிருந்தே முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார்கள். ருக்கு தன் முடிச்சை அவிழ்த்து நந்தினிக்கும் ஒரு பிடி கொடுத்தாள். மேடையில் மாலா என்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண் மணப்பெண்ணாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கெட்டிமேளம் வந்ததும் நந்தினியின் கை தானாக மேலே எழுந்தது. அவள் பதறிப்போய் அரிசி முழுவதையும் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். அவளுடைய ஒரு பிடி குறைந்ததில் ஒன்றும் ஆகவில்லை. மற்ற எல்லாக் கைகளும் போட்டன.

மாலா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். இழுத்துப் பார்த்துவிட்டு அலறினாள். கைதட்டல் எழுந்தது.

நந்தினி எழுந்து நின்று, "அது நடிக்கல, நெசமா அழுவுது! வுடுங்க அந்தப் பொண்ண!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

சனம் அவள் பக்கம் திரும்பி இன்னும் பலமாகக் கைதட்டியது. "எங்க மருமவ போன வருசம் இத்தவிட ஜோரா நடிச்சா" என்று ருக்கு பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னாள். பிறகு எல்லோரும் கேசரி வாங்கப் போனார்கள். மறுநாள் காலையில் பாட்டில் இன்னொரு பையனின் பேர் ஏறியது.