மாடிக்குப் போன புரோட்டீன் டப்பா

காய்ச்சலில் படுத்து எழுந்த துணிக்கடை முதலாளிக்குக் காலில் வலுவே இல்லை. கடையோ மாடியில் இருந்தது. படியேற முடியாதவர் கல்லாவில் உட்காருவது எப்படி? "புரோட்டீன் பவுடர் குடிங்க, தினமும் படியும் ஏறி இறங்குங்க" என்றார் டாக்டர். முதலாளியின் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். மருந்துக்கடைக்காரரிடம் பேரம் பேசி, கலக்கும் குப்பியையும் இனாமாகக் கறந்துகொண்டு, டப்பாவோடு வந்து சோபாவில் சாய்ந்துவிட்டார்.

"இதைக் குடிச்சா போதும்டி, கால் தன்னால தேறிடும்."

மறுநாள் மனைவி டப்பாவை மொட்டைமாடி அறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"அங்க எதுக்குடி வச்ச?"

"சமையல்கட்டு ஆவியில கட்டி தட்டிடுமாம். வேணும்னா ஏறி வாங்க, கலக்கித் தரேன்."

காசு கொடுத்து வாங்கியதை விட்டுவிட அவருக்கு மனம் வருமா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி திட்டியபடி ஏறினார். அவளும் பேச்சுக் கொடுத்தபடி பின்னாலேயே வந்தாள். காலையும் மாலையும் இதே கூத்துதான். டப்பா காலியாகும் சமயத்தில் அவருக்குக் கைப்பிடி தேவைப்படவில்லை.

கடைக்குக் கிளம்பிய காலையில் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பவுடர் நல்ல பவுடர்தான்" என்றாள்.

"வியாபாரிகிட்டயே வியாபாரமா? எனக்கு அன்னிக்கே தெரியும்டி."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

"கடையே கதின்னு கிடந்தவன் நான். உன்கூட இப்படிப் பேசிக்கிட்டே நடந்தது எந்தக் காலத்துல? அடுத்த டப்பாவையும் மேலயே வை."