வழியில் சொல்லக் கூடாதது

"நான் காலுறையைத் துவைச்சு சன்னல்ல காயப்போட்டேன்னுதானே நம்மளை அனுப்புறாங்க?"

"யாரும் அனுப்பலம்மா. எனக்கு ஆஸ்பத்திரியில வேலை வந்துடுச்சு. ஒருத்தருக்குப் பல்லுல தாங்க முடியாத வலியாம்."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"வலிக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா?"

"சரி. என்னை ஊர்ல விட்டுட்டு, மறுபடி மலை ஏறி இறங்கி நீ பிஷ்கெக் போய்ச் சேர்ற வரைக்கும் அவன் வாயைத் திறந்துக்கிட்டே உக்காந்திருப்பானா?"

சல்கின் கட்டிலில் கிடந்த துணிகளை மடிக்காமலே பெட்டிக்குள் திணித்தாள். அம்மா புருல்சுன், விடுதி கொடுத்த வெள்ளை அங்கியைப் போர்த்திக்கொண்டு, ஈரத் தலையோடு சன்னல் மேடையில் சாய்ந்திருந்தாள். கிளம்பப் போகிறவள் மாதிரியே இல்லை.

சித்தப்பா மேதெர் போன் செய்தபோது அம்மா குளியலறையில் இருந்தாள். சல்கின் தாழ்வாரத்தில் நின்று கேட்டாள். வைக்கோல் போரிலிருந்து இறங்கி வந்த அப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். அது வருவதற்குள் வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். "உனக்கும் இதைச் சுத்தி வளைச்சுத்தான் சொல்லியிருக்கணும், கண்ணு. அம்மாவைக் கூட்டிட்டு வர வேற யாரும் இல்ல" என்று சித்தப்பா அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, செய்ய வேண்டியதைச் சொன்னார். அப்பாவைக் கிடத்த முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவை நேராக அங்கே கொண்டுவரக் கூடாது. வழியில் கோச்கோரில், அத்தை வீட்டில் பெரியவர்கள் வந்து காத்திருப்பார்கள். அம்மா முதலில் ரொட்டி பிட்டுச் சாப்பிட வேண்டும், தேநீர் குடிக்க வேண்டும். அப்புறம் முறைப்படி சொல்வார்கள். அதுவரை சல்கின் அழக் கூடாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதே."

அது சல்கினுக்கும் தெரிந்ததுதான். அவர்கள் பக்கத்தில் அப்படி ஒரு போன் வந்தால் யாரும் மருந்தோடு கிளம்புவதில்லை. பெண்கள் கறுப்பு முக்காட்டைத் தேடுவார்கள். உண்மையிலேயே காய்ச்சலில் கிடக்கிற கிழவருக்குக்கூட, மாடு தொலைந்துவிட்டது, வா என்று ஏதாவது சொல்லித்தான் பிள்ளைகளை வரவழைக்க வேண்டியிருக்கும்.

முறை தவறிக் கேட்டால் என்ன ஆகும் என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். அவளுடைய தம்பி இறந்தபோது, நாரின் பஸ் நிலையத்தில் அரைகுறைப் பழக்கமுள்ள ஒருத்தி கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டாள். அம்மா மாவு மூட்டைகளுக்கு நடுவில், யார் யாருடைய பூட்ஸ் காலடியிலோ விழுந்து கிடந்தாள். அந்தக் கதையைச் சொல்லும்போது தம்பியை விட்டுவிட்டு அந்த மூட்டைகளைப் பற்றியே பேசுவாள். தப்பான இடத்தில் கேட்ட சாவு போக இடமில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும் என்பாள். அதற்குப் பிறகுதான் ஊரில் யாருக்குச் சாவுச் செய்தி சொல்ல வேண்டியிருந்தாலும் அம்மாவைக் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். அவள் சொன்னால் யாரும் விழமாட்டார்கள் என்று பெயர்.

அவளுக்கே இது இன்னொரு முறை நடக்கக் கூடாது. இந்த விடுதியை விட்டு வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். சல்கினின் மனதில் வேறெதற்கும் இடமில்லை.

"முகம் கழுவிட்டு வரேன். நீ உடுத்திக்கோ" என்று குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். இங்கே குழாயை அழுத்தினால் ஒரு குவளைத் தண்ணீர் வரும், பிறகு தானாக நின்றுவிடும். இந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு துளியும் ஆற்றுக்கே திரும்புகிறது, நன்றி என்று ஓர் அட்டை தொங்கியது. சல்கின் அழுத்தினாள். தண்ணீர் கொட்டுகிற நேரத்துக்கு மட்டும் அழுதாள். நின்றதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுபடி அழுத்தினாள்.

"அந்தக் குழாயும் உங்கப்பா மாதிரிதான்" என்றாள் அம்மா வெளியிலிருந்து. "ஒரு வாய் பேசிட்டு நிறுத்திக்கும்."

சல்கின் துவாலையை வாயில் திணித்துக்கொண்டாள்.

வந்ததிலிருந்து அம்மாவுக்கு இங்கே எல்லாமே வேடிக்கை. ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக விடுதியில் தங்குகிறாள். மண்ணும் ஆட்டுரோமமும் குழைத்துப் பூசிய சுவரைத் தட்டிப் பார்த்தாள். வரட்டி எரிக்கிற அடுப்பை மோந்து பார்த்தாள். சாம்பல் போட்டு மூடுகிற கழிப்பறையைப் பார்த்துவிட்டு, நாங்க இப்படியே இருந்தப்ப ஏழைங்கன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க, இப்ப அதுக்கே வெள்ளைக்காரன் விமானம் ஏறி வர்றான் என்று சிரித்தாள். அப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். மண் வீட்டில் தூங்க ஒரு மலையைத் தாண்டிப் போக வேண்டுமா என்று அவர் மறுத்துவிட்டார். நேற்று இரவு கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு, அவர் அதைச் சொன்ன விதத்தை அம்மா நடித்துக் காட்டினாள்.

தவறு செய்தது சல்கின்தான். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது வரவேற்பில் இருந்த அய்பெரி, ஏதாவது குறையா அக்கா, ஏன் ஒரு நாள் முன்னாடியே போறீங்க என்று கேட்டாள். வருத்தத்தோடு கேட்டாள். காலையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தது சல்கினின் வாயிலிருந்து வந்துவிட்டது. அய்பெரி இந்தப் பள்ளத்தாக்குப் பெண். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியாதே என்று மட்டும் கேட்டாள். ஆனால் அவளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது, உள்ளே மேலாளர் இருந்தார்.

அம்மா கீழே இறங்கி வருவதற்குள் விடுதி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சமையல்காரப் பெண் சூடான ரொட்டியைத் துணியில் சுற்றி அம்மாவின் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் நின்றாள். குளியலறை வேலைக்காரி மண்டியிட்டு அம்மாவின் பூட்ஸை மாட்டிவிட்டாள். தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த புல்வெட்டி நின்றது. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சல்கின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாம்மா, வாம்மா என்று முன்னால் ஓடினாள்.

வாசலில் மேலாளர் மாத்தியாஸ் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார். நல்ல மனிதர். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பாஷையை ஆசையாகக் கற்றுக்கொள்கிறவர். எந்தச் சந்தர்ப்பத்துக்கு எந்த வாழ்த்து என்று எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறவர். அவர் அம்மாவின் முன் தலை குனிந்து, தெளிவான உச்சரிப்பில் ஆரம்பித்தார்.

"அவரை மூடுற மண்ணு..."

பட்டுப் போல இருக்கட்டும் என்று அது முடியும். இறந்தவர் வீட்டில் தவிர வேறெங்கும் யாரும் அதைச் சொல்வதில்லை.

அய்பெரி பாய்ந்து வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்ததும் அவளே பயந்துபோனாள். "ரொட்டி ஆறிடும், வண்டியில ஏறுங்கம்மா" என்று உரக்கச் சொன்னாள். மாத்தியாஸ் எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாமல், சொல்லின் பாதியில் நின்றார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முக்காட்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"வாயைத் திறந்துட்டே நிக்கிறாரே, இவருக்கும் பல்லு வலியா?"

யாரும் சிரிக்கவில்லை. சல்கின் மட்டும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது.

வரும்போது முன்னால் உட்கார்ந்து வந்த அம்மா, இப்போது பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். முதலில் விடாமல் பேசினாள். துவாலை கனமாக இருந்தது என்றாள். உருளைக்கிழங்கை இவ்வளவு நெருக்கி நட்டால் காய்க்காது, அந்தத் தோட்டக்காரனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்றாள். கணவாய் ஏறுகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, சாலையோரம் கொஞ்ச தூரம் நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். ஓடைத் தண்ணீரில் முகம் கழுவினாள். சல்கின் என்ஜினை அணைக்காமல் கைகளை ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தாள். ஏறியதும் அம்மா ரொட்டித் துணியைப் பிரித்தாள், பார்த்தாள், மூடிவிட்டாள்.

இறக்கத்தில் ஒரு திருப்பம் முடிந்து சல்கின் கண்ணாடியில் பார்த்தபோது, அம்மா காதணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இடது காதில் கொக்கி சிக்கிக்கொண்டது. அவசரப்படாமல் தலையைச் சாய்த்து, திருகித் திருகி எடுத்தாள். இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து மேல்கோட்டின் உள்பைக்குள் போட்டாள்.

சல்கின் கண்ணைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டாள். தூரத்தில் கோச்கோரின் பாப்ளர் மரங்கள் மஞ்சளாகத் தெரிந்தன.

ஊர் எல்லைக்கு முன்னால் வழி நின்றுவிட்டது. மலை மேய்ச்சல் முடிந்து கீழே இறங்குகிற மந்தை, சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. குதிரைமேல் இருந்த மேய்ப்பன் சவுக்கை உயர்த்தி வணக்கம் சொன்னான். ஆடுகள் வண்டியை இருபுறமும் உரசிக்கொண்டு நகர்ந்தன. புழுதியில் சூரியன் மங்கியது.

"மேதெர்தான் பேசுவானா?" என்றாள் அம்மா.

சல்கின் கண்ணாடிப் புழுதியைத் துடைக்க வைப்பரைத் தட்டினாள்.

"அவன் குதிரையைச் சொல்லி ஆரம்பிப்பான். எந்தக் குதிரையும் கால் தளர்ந்துதான் நிக்கும்பான், மலையே தேயும்பான். நானும் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கேன். ரொட்டியைக் கையில கொடுத்துட்டு, அவங்க முழுங்குற வரைக்கும் தொண்டையையே பார்த்துக்கிட்டு." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். பாவம், எனக்காக முழுங்குவாங்க."

ஒரு ஆட்டுக்குட்டி வண்டிக்கு முன்னால் நின்று கத்தியது. தாய் திரும்பி வந்து அதை முட்டித் தள்ளிக்கொண்டு போனது. மந்தை மெலிந்து, கடைசியில் நொண்டுகிற ஆடுகள் வந்தன. அவையும் போயின. மேய்ப்பன் திரும்பிப் பார்த்து, போகலாம் என்று கையசைத்தான். சாலை காலியாக இருந்தது. சல்கினின் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது.

"அந்த வீட்டுல எல்லாரும் என் முகத்தையே பார்ப்பாங்க" என்றாள் அம்மா. "நீ திரும்ப வேண்டாம். இப்படியே ரோட்டைப் பார்த்துக்கிட்டு, நீயே சொல்லிடு, சல்கின்."